இடது கால் பிரேக்கு

வாங்க சார், வாங்க. வெயில்ல நிக்காதீங்க, இப்படி நெழலுக்கு வந்து கட்டல்ல உக்காருங்க. காரைத் தேடறீங்களாக்கும்? கொட்டகை காலியாத்தான் கெடக்குது. வந்துட்டே இருக்குதுங்க. மலையில இருந்து எறங்கீட்டு இருக்குது. நீங்க கோயமுத்தூர்ல பஸ் ஏறீட்டன்னு சொன்ன ஒடனே எங்கண்ணனுக்குப் போனப் போட்டுட்டன். "கண்காட்சி ஜட்ஜு வீட்டுக்கே வந்து காரைப் பாக்கறாராமண்ணா, கொண்டுட்டு வந்துரு"ன்னன். எங்கண்ணன் மேல வால்பாறையில இருக்கறாரு. அவருதான் ஓட்டிட்டு வர்றாரு.

மரகதம்! ஏ மரகதம்! சாருக்கு ரெண்டு எளநி கொண்டா. நம்ம தோப்புக் காயிதானுங்க, தண்ணி சக்கரையா இருக்கும். என்ற சம்சாரமுங்க அது. காலையில இருந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறா. கண்டுக்காதீங்க.

அதா பாருங்க, அந்தப் பாக்கு மரத்துக்கு மேல, மலையில கோடு கிழிச்ச மாதிரி வளைஞ்சு வளைஞ்சு தெரியுதுல்லங்க, அதுதான் ரோடு. மேல இருந்து எது எறங்குனாலும் இங்க உக்காந்தே பாத்துக்கலாம். கடைசி வளைவு முடிஞ்சா ரோடு நேரா நம்ம தோப்பு வாசலுக்குத்தான் வரும். காரு வருதுன்னு நான் சொல்லவே வேண்டியதில்ல, நீங்களே பாப்பீங்க.

போன வருசம் பழைய காரு கண்காட்சிக்கு வந்த ஜட்ஜு நீங்க இல்லீல்லங்க? இல்ல, இல்ல. அவரு ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு இருந்தாரு. அவரா இருந்தா எளநி கெடைக்காது, பச்சத் தண்ணிதான். சும்மா சொன்னனுங்க, சிரிங்க.

ஆனா மனசு ஆறலீங்க. காலேஜு மைதானத்துல வரிசையா பழைய காருங்க நிக்குது. எங்க மோரிஸு, அம்பத்தாறு மாடலு, நடுவுல மகாலட்சுமி மாதிரி நிக்குது. அவரு வந்தாரு. பெயிண்டைத் தடவிப் பாத்தாரு, வெளக்கத் தட்டிப் பாத்தாரு, எல்லாத்துக்கும் தலையாட்டுனாரு. அப்பறம் கதவத் தொறந்து, மண்டி போட்டு, உள்ள டார்ச்சு அடிச்சாரு. அடிச்சவரு எந்திரிக்கவே இல்ல. மத்த ரெண்டு ஜட்ஜயும் கையக் காட்டிக் கூப்புட்டாரு. மூணு பேரும் குனிஞ்சு பாத்தாங்க. "என்னங்க குழந்தைவேலு, இது காருப் பெடலா, கரும்பாலைப் பெடலா"ன்னு கேட்டாரு. சுத்தி நின்ன பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாம் சிரிக்குதுங்க. "கிளச்சு எடத்துல பிரேக்கு இருக்குது, பிரேக்கு எடத்துல கிளச்சு இருக்குது. இத ஒரிஜினல்னு எப்படிங்க எழுதறது"ன்னு கேட்டுட்டு அடுத்த காருக்குப் போயிட்டாரு. வர்ற வழியெல்லாம் எனக்குக் கண்ணுல தண்ணி. அறுவது வயசு ஆம்பள அழுதுட்டு ஓட்டிட்டு வந்தன்னாப் பாத்துக்கங்க.

ஏன் அப்படி மாத்தி இருந்துச்சுன்னு கேக்கறீங்க. கேப்பீங்க. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. எங்கண்ணனுக்காகத்தானுங்க.

அண்ணன் பேரு சென்னியப்பன். சின்னதுல இளம்பிள்ளை வாதம் வந்து வலது காலு சூம்பிப் போச்சு. நடப்பாரு, விந்தி விந்தி. ஆனா அந்தக் காலுல அழுத்தம் கெடையாது. ஆக்சிலேட்டரு சும்மா வெரல் நுனியால தொட்டாப் போதும், அதுக்கு அந்தக் காலே பத்தும். பிரேக்குன்னா மிதிக்கோணுமில்லீங்க? அங்கதான் வில்லங்கம். எங்கய்யன், அப்பாதானுங்க, என்ன பண்ணுனாரு, ரங்கண்ணன்னு ஒரு மெக்கானிக்கு, அவரக் கூட்டியாந்து ரெண்டு பெடலையும் எடம் மாத்தச் சொல்லீட்டாரு. இடது ஓரத்துல இருந்த கிளச்சு நடுவுக்கு வந்துச்சு. நடுவுல இருந்த பிரேக்கு இடது ஓரத்துக்குப் போச்சு. நல்ல காலுக்குப் பிரேக்கு, நோஞ்சான் காலுக்குக் கிளச்சு. கிளச்ச லேசாக்கறதுக்கு ஒரு நீளக் கம்பி. பிரேக்கு மேல லாரி டயர அறுத்து ஒட்டி வெச்சாங்க. பாக்கவே கருமமா இருக்கும். கேட்டா அய்யன் சொல்லுவாரு, "கிளச்சு புடிக்கலீன்னா கியருதான் கத்தும். பிரேக்கு புடிக்கலீன்னா நாமதான் கத்தோணும்"னு. பெரிய கண்டுபுடிப்பு!

அதுல இருந்து முப்பது வருசத்துக்கு மேலயா அண்ணன் அந்தக் காருலதான் மலை ஏறறாரு, எறங்கறாரு. வேற காரு அவரால ஓட்ட முடியாது. பாகம் பிரிச்சப்போ கீழ தோப்பு எனக்கு, மேல காப்பித் தோட்டம் அவருக்கு. சரி. காரைப் பாதியா அறுக்க முடியுமா? அய்யன் ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. "அவனுக்குக் காலு இல்ல, காருதான் காலு. அவங்கிட்டயே இருக்கட்டும்." எனக்கு ரெண்டு காலு இருக்கறது என்ற குத்தமாங்க? சொல்லுங்க. நியாயமாச் சொல்லுங்க.

குடிங்க, குடிங்க. ஏன் அப்படியே வெச்சுட்டீங்க?

இன்னொரு கூத்தச் சொல்றன் கேளுங்க. நானும் அந்தக் காருலதான் ஓட்டக் கத்துக்கிட்டன். வேற காரு எங்க இருந்துச்சு? காட்டுக்குள்ள, தோப்புக்குள்ள, நல்லா ஓட்டுவன். லைசென்சு எடுக்கப் போனன். அங்க ஒரு ஜீப்பு. பெடலு எல்லா வண்டியிலயும் இருக்கற மாதிரி இருக்குது. எனக்கும் தெரியுமுங்க, எது எதுன்னு. இடது கிளச்சு, நடு பிரேக்கு, இடது கிளச்சு, நடு பிரேக்குன்னு ஏறும்போதே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டன், சாமி மந்திரம் சொல்ற மாதிரி. நல்லாத்தான் ஓட்டுனன். ஆபீசரு கூட 'பரவால்லியே'ன்னாரு. ஒரு எறக்கத்துல ஆட்டுக்குட்டி ஒண்ணு குறுக்க வந்துச்சு. அவ்வளவுதான். புத்தி நடுவுலீங்குது, காலு இடதுல போயி மிதிக்குது. மிதிக்க மிதிக்க ஜீப்பு வழுக்கீட்டு ஓடுது. நான் இன்னும் அழுத்தறன், அது இன்னும் ஓடுது. கடைசியா ஒரு பள்ளிக்கூடத்துச் செவுத்துல போயித்தான் நின்னுது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க? ஆட்டுக்குட்டிக்கு ஒண்ணும் ஆவுல. எனக்குத்தான் தாவாக்கட்ட கிழிஞ்சு போச்சு, இங்க பாருங்க தழும்ப.

ஊரே சிரிச்சுதுங்க. அய்யன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அண்ணன் மட்டும் சிரிக்கல. ஆசுபத்திரியில என்ற கட்டலுக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டு, "என்னாலதான தம்பி, என்னாலதான"ன்னு கையப் புடிச்சுட்டு இருந்தாரு. எனக்கு அதுதான் எல்லாத்தையும் விட எரிச்சலு.

அன்னைக்கே நெனச்சன். இந்தக் காரை என்னைக்காவது ஒரு நாளு ஒழுங்கு பண்ணோணும்னு.

போன வருசம் அந்த மானக்கேடு நடந்ததும் எறங்கீட்டன். பெடலத் தேடி நான் அலஞ்ச அலைச்சலு இருக்குதே! கோயமுத்தூரு பழைய இரும்புக் கடை பூராப் பாத்தாச்சு. திருச்சூரு போனன். சேலம் போனன். கடைசியாப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில இதே மாடலு காரு ஒண்ணு நிக்குதுன்னு சொன்னாங்க. போயிப் பாத்தா கோழி அடைகாக்குதுங்க உள்ள. சீட்டு இல்ல, கதவு இல்ல, எஞ்சினு இல்ல. பெடலு மட்டும் இருக்குது! கோழிப் பீ ஒட்டி, துரு ஏறி. ஆனா ஒரிஜினலு. ரெண்டும். கம்பியில இருந்து ரப்பரு வரைக்கும். அந்தக் கோழி என்னயக் கொத்தாத எடமில்ல. கொத்தட்டும்னு கழட்டீட்டு வந்தன்.

வீட்டுல மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, பழைய பல்லு வெளக்கற பிரஷு வெச்சு நானே தேச்சன். தேச்சுத் தேச்சு கம்பெனி முத்திரை தெரிஞ்சப்போ, சிரிக்காதீங்க சார், கண்ணுல ஒத்திக்கிட்டன். அண்ணங்கிட்ட, "கண்காட்சிக்குப் பெயிண்டு அடிச்சுத் தர்றன், காரை ஒரு மாசம் குடு"ன்னு வாங்கியாந்தன். பட்டறையில சொல்லி, ரங்கண்ணன் பண்ணி வெச்ச கோணங்கித்தனத்தை எல்லாம் கழட்டி வீசீட்டு, எது எங்க இருக்கோணுமோ அங்க மாட்டியாச்சு. கிளச்சு இடதுல. பிரேக்கு நடுவுல. கம்பெனிக்காரன் எப்படிக் குடுத்தானோ அப்படி. இந்த வருசம் எவன் டார்ச்சு அடிச்சாலும் அடிச்சுக்கட்டும்.

என்னங்க? அண்ணனுக்குத் தெரியுமாவா?

இருங்க, அதுக்குத்தான் வர்றன். எங்கம்மா திதி வந்துச்சுங்க போன வாரம். அண்ணன் ஊட்டுலதான் வருசா வருசம் குடுப்போம். நான்தான் காரை மேல ஓட்டிட்டுப் போனன். ஏத்தத்துல பிரேக்குக்கு வேலையே இல்ல, என்ன சுகமா போச்சுங்கறீங்க! அங்க போனதும் சொல்லிப்புடலாம்னுதான் இருந்தன். சத்தியமா. எலையில உக்காந்தாச்சு, ஒறம்பரை சொந்தபந்தம் எல்லாம் இருக்குது, அண்ணன் பேச்ச எடுக்கறாரு. "தம்பி பெயிண்டு அருமையா அடிச்சிருக்கறான். ஆனா அய்யன் எனக்கு வெச்சுக் குடுத்த மாதிரி உள்ள ஒரு ஆணி மாறலீல்ல, அதுதான் எனக்குச் சந்தோசம்"னாரு. எல்லாரு முன்னாடியும். என்ற தோளத் தட்டிக் குடுத்துட்டுச் சொல்றாரு. அதுக்கு மேல நான் எப்படிங்க வாயத் தொறக்கறது? பாயசத்தக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டன். மழை புடிச்சுக்கிச்சு, காரை அங்கயே விட்டுட்டு நாங்க பஸ்ஸுல எறங்கீட்டம். ஒரு வாரமா மேல மழைதான், அண்ணன் காரைத் தொடவே இல்லியாம்.

அதான் நேத்துல இருந்து மரகதம் கேட்டுட்டே இருக்கறா. எங்கண்ணன மாமான்னுதான் கூப்புடுவா. "மாமாகிட்டச் சொல்லிட்டீங்களா, மாமாகிட்டச் சொல்லிட்டீங்களா." எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுது? காலையில போன்ல சொல்லலாம்னு வாய எடுத்தன். அதுக்குள்ள அவரு, "ஜட்ஜு வந்துட்டாரா, இதா எடுத்துட்டன் தம்பி, நீ வெசனப்படாத"ன்னு போன வெச்சுட்டாரு. நான் என்ன பண்ணட்டும்? அதுவும் போக, சார், கதவத் தொறந்தாக் கண்ணுக்குத் தெரியாதா? ரப்பரு புதுசாட்ட மினுமினுங்குது. ஒரு மிதி மிதிச்சாத் தெரிஞ்சு போகுது. அண்ணன் என்ன பச்சக் கொழந்தையா?

சித்த இருங்க, போனு அடிக்குது. அண்ணிதான்.

சொல்லுங்கண்ணி. அவரு கெளம்பி ரெண்டு மணி நேரம் ஆச்சுங்களா? சரி. சரி. தொட்டியா? போனாப் போகுதுங்கண்ணி, வேற தொட்டி வாங்கித் தர்றன். ஆமா, சர்வீசு பண்ணிருக்கறன், புதுசுல அப்படித்தான் இருக்கும். இல்லீங்கண்ணி, ஒண்ணும் இல்ல. நீங்க வெய்யுங்க.

பொம்பளைங்க கூப்பாட்டப் பாருங்க. வாசல்ல ரிவர்சு எடுக்கறப்போ ரோசாத் தொட்டி மேல ஏத்தீட்டாராம். துளசி மாடத்துல போயித்தான் நின்னுதாம். எறங்கிப் பாத்தாராம், மறுபடி ஏறி உக்காந்து சித்த நேரம் ஸ்டீரிங்கப் புடிச்சுட்டு யோசனை பண்ணுனாராம். "வேற ஆரையாவது கூப்புட்டு ஓட்டச் சொல்லட்டுமா"ன்னு அண்ணி கேட்டதுக்கு, "வேண்டா, தம்பி ஆசையாக் கேட்டிருக்கறான், நானே கொண்டு போறன்"னு கெளம்பீட்டாராம். அவ்வளவுதான் விசயம். தெரிஞ்சுக்கிட்டாருல்ல? தெரிஞ்சுதான வர்றாரு? அப்பறம் என்ன?

ஏ மரகதம், எதுக்கு இப்ப அங்க போயி ரோட்டப் பாத்துட்டு நிக்கற? வெயிலு மண்டையப் பொளக்குது. வந்த ஒறம்பரைக்குச் சோத்துக்கு வழி பண்ணு. நீங்க சாப்புட்டுத்தான் போகோணும் சார். கோழி அடிச்சிருக்குது.

என்னங்க, இன்னொரு நாளைக்கு வர்றீங்களா? என்னத்துக்குங்க? நீங்களே மேல போயிப் பாத்துக்கறதாவது? அது எப்படி? நிக்கற காரைப் பாக்கறதுக்கா கோயமுத்தூர்ல இருந்து வந்தீங்க? தானா ஓடி வந்து நிக்கற காருக்குத்தான் முழு மார்க்குன்னு உங்க ஆளுங்கதான சொன்னாங்க? உக்காருங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. ஒருக்கா நீங்க அந்தப் பெடலப் பாத்துட்டீங்கன்னா அப்பறம் தெரியும், நான் ஏன் இந்தப் பாடு பட்டன்னு.

நான் கெட்டவன் இல்லீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா அப்படி நெனைக்கற மாதிரித் தெரியுது. அண்ணன் மேல எனக்குப் பாசம் இல்லாமயா? தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும். ஆனா ஒண்ணு கேக்கறன். ஒருத்தருக்குக் காலு செரியில்லீன்னா, ஒரு காரு ஆயுசு பூராத் தப்பாவே ஓடோணுமா? அந்தக் காருக்குன்னு ஒரு நேர்மை இல்லையா? அய்யன் செத்து இத்தன வருசமாச்சு, இன்னும் எல்லாம் அண்ணன் காலுக்குத்தான் அளவெடுத்து வெச்சிருக்குது. வீட்டுல படி கூட அவருக்காகத் தணிவா வெச்சதுதான். நானும் அந்தப் படியிலதான ஏறி எறங்குனன்.

மறுபடியும் போனு. இது அண்ணன்! பாருங்க, நான் சொல்லல? அந்தக் காட்சிமுனை வளைவுல மட்டுந்தான் டவரு கெடைக்கும், அங்க வந்துட்டாரு. இன்னும் எட்டு வளைவுதான்.

அண்ணா! எங்க இருக்கற? ஆமாண்ணா, ஜட்ஜு பக்கத்துலதான் உக்காந்திருக்கறாரு. என்ன? ம். ம். மாத்தலீண்ணா, செரி பண்ணிருக்கறன். அதுதாண்ணா ஒரிஜினலு. சொல்லோணும்னுதான் இருந்தன். சொல்லோணும்னுதாண்ணா இருந்தன்.

ம்.

மட்கார்டா? எந்தப் பக்கம்? ஓரமா மலையில ஒரசுனதுக்கு மட்கார்டு ஏண்ணா உள்ள போகுது? சரி, சரி, வுடு, தட்டி எடுத்துக்கலாம். ஹேண்ட் பிரேக்கு புடிக்குதுல்ல? பொகையா? அது அப்படித்தான், புடிச்சுட்டே வந்தா கருகத்தான் செய்யும்.

இல்லண்ணா, நான் எப்படி வர்றது? நான் வர்றதுக்குள்ள அவரு பஸ்ஸுக்குப் போயிருவாரு. எட்டே வளைவுண்ணா. கேளு. மொத கியர்ல போட்டுரு. போட்டுட்டு கிளச்சுப் பக்கமே போகாத. அதுவே மொள்ள எறங்கி வந்துரும். காலு தன்னால போகுதா? அப்படின்னா ஒண்ணு பண்ணு, இடது கால மடிச்சு சீட்டு மேல வெச்சுக்க. ஆமா, சம்மணம் போடற மாதிரி. அப்பப் போகாதுல்ல? பிரேக்கு நடுவுலண்ணா, வலது காலுல சும்மா தொட்டுத் தொட்டு வா.

சரிண்ணா. சரி. வாண்ணா, பாத்து வா.

வர்றாருங்க. வந்துருவாரு. என்ன சொன்னாரு தெரியுங்களா? "செரி தம்பி, உனக்கு மார்க்கு போயிரக் கூடாது"ன்னாரு. அதுதான் எங்கண்ணன். சின்னதுல இருந்தே அப்படித்தான், நான் கேட்டு இல்லீன்னு சொன்னதே கெடையாது.

ஏ! ஏ மரகதம்! எங்க கெளம்பற? மொபெட்ட எங்க எடுக்கற? அடி எவளே! பாத்தீங்களா சார், அடுப்புல கொழம்பக் கொதிக்க வுட்டுட்டு, ஒரு வார்த்த சொல்லாம மலைப் பக்கம் ஓட்டிட்டுப் போறா. செருப்புக் கூடப் போடல. ஒட்டுக் கேட்டிருக்கறா. இவ போயி என்ன பண்ணப் போறா? காருக்குக் குறுக்கயா நிக்கப் போறா? ஊட்டுக்கு வந்தவங்க முன்னாடி மானத்த வாங்கோணும், அதுக்குன்னே பொறந்தது.

உக்காருங்க சார், நீங்க வேற. எதுக்கு இப்ப போன எடுக்கறீங்க? யாருக்குக் கூப்புடப் போறீங்க? ஒண்ணும் ஆகலீங்க. ஆனாத்தான கூப்புடறது? வெய்யுங்க அத.

அதா! அதா வருது பாருங்க. மேல, அந்தப் பாறை திரும்பற எடத்துல, வெண்ணெய் நெறத்துல. பளபளன்னு எப்படி மின்னுது பாருங்க வெயில்ல. நான் அடிச்ச பெயிண்டு. மறைஞ்சுருச்சா? இருங்க, அடுத்த மடிப்புல வரும். வந்துருச்சு! பாத்தீங்களா, அம்பத்தாறு மாடலு, என்ன ஓட்டம் ஓடுது! ஆரன் கேக்குதுங்களா? அதே பழைய ஆரன்தான், அது மட்டும் மாத்தல. அண்ணனுக்கு ஆரன் அடிக்கறது புடிக்காது. இன்னைக்கு அடிச்சுட்டே வர்றாரு. சந்தோசமுங்க, ஜட்ஜு வந்திருக்கறாருன்னு.

விடாம அடிக்கறாரு.

ஒரு வளைவு தாண்டீட்டாரு. நல்லாத் திருப்பறாரு, கையில பலமுங்க எங்கண்ணனுக்கு. இத்தன வேகமா அவரு ஓட்டி நான் பாத்ததே இல்லீங்க. மாட்டு வண்டி மாதிரித்தான் வருவாரு எப்பவும். நாங்க கேலி கூடப் பண்ணுவோம்.

மொத கியர்ல இப்படி வராதே.

மொத கியர்ல இருந்தா எஞ்சினு புடிச்சு நிறுத்தீரும். கிளச்சு மிதிச்சாத்தான் இப்படி வழுக்கீட்டு வரும். கால எறக்கீட்டாருங்க. சீட்டு மேல வெச்சுக்கன்னு சொன்னனே, இடது கால எறக்கி மிதிக்கறாருங்க. அது பிரேக்குன்னு நெனச்சுட்டு மிதிக்கறாரு. மிதிக்க மிதிக்க ஓடும். நிக்காதுங்க அது. அழுத்த அழுத்த ஓடும், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியுமுங்க.

அண்ணா! அது இல்லண்ணா! அண்ணா, கால எடு! இடது கால எடுண்ணா! நடுவுல இருக்கறது! நடுப் பெடலுண்ணா, நடுப் பெடலு! நான் மாத்தீட்டன், நான்தாண்ணா மாத்தீட்டன், நடுவுல மிதி!

சார், நீங்களும் கத்துங்க சார். நடுவுலன்னு கத்துங்க. அங்க வரைக்கும் கேக்குமுங்களா?